நான்காவது கால்வட்டம்

(சுங்குவார்சத்திரத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாருக்கு என் நன்றி. இரவு ஷிப்ட் முடித்து, கண்ணில் தூக்கம் மிச்சமிருக்க, இங்கே வந்து பின்வரிசைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய நன்றி. இந்தப் பேச்சு உங்களுக்கானது.

தொழில்வாழ்வில் சாதனையும் வளர்ச்சியும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் 29 ஆண்டுகள் ஃபிட்டர் பிரிவில் பயிற்றுநராக இருந்தவன் நான். எனக்குத் தெரிந்த சாதனை, ஒரு இரும்புத் துண்டை அரத்தால் ராவி, டிரை ஸ்கொயரை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், இடையில் ஒளி கசியாமல் இருப்பது. அந்தக் கண்ணோடுதான் ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை உள்ள ஆலைகளைப் பார்த்து வந்திருக்கிறேன். மாணவர்களைப் பயிற்சிக்குச் சேர்க்கப் போகும்போதெல்லாம் ஒவ்வொரு ஆலையிலும் முதலில் போய் நிற்பது ஒரே இடத்தில்தான். லைன் தொடங்கும் முனையில் மாட்டியிருக்கும் ஓர் அட்டவணை முன்னால்.

உங்களில் பலருக்கு அது தெரியும். ஸ்கில் மேட்ரிக்ஸ் என்பீர்கள். இடப்பக்கம் வரிசையாகத் தொழிலாளர்களின் பெயர்கள், சில ஆலைகளில் சின்ன புகைப்படத்தோடு. மேலே வேலைகளின் பெயர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வட்டம். வட்டத்தை நான்காகப் பிரித்திருப்பார்கள். வேலையைப் பார்த்துப் புரிந்துகொண்டால் ஒரு கால்வட்டம் கறுப்பாகும். மேற்பார்வையில் செய்தால் இரண்டு. தனியாக, குறித்த நேரத்தில், குறையில்லாமல் செய்தால் மூன்று. அதே வேலையை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கும் அளவு வந்தால் வட்டம் முழுசும் நிறையும். ஆலைக்கு ஆலை நிறமும் குறியும் மாறும், உள்ளடக்கம் இதுதான்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குப் புதிய கைகளை விரைவாகப் பழக்கவேண்டியிருந்தது. யார் யாருக்கு எந்த வேலை தெரியும், எதை எந்தத் தேதிக்குள் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அப்போது கட்டம் போட்டு எழுதினார்கள். அந்தப் பயிற்சி முறை போருக்குப் பிறகு ஜப்பானுக்குப் போய், அங்கே வேரூன்றி, கார் ஆலைகளோடு உலகைச் சுற்றி நம் ஊர்ச் சுவருக்கு வந்து சேர்ந்தது. ஒரு தொழிலாளி எப்படி வளர்கிறார் என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் வேறு ஆவணத்தை நான் கண்டதில்லை. ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் 'நன்று', 'மிக நன்று' என்று எழுதுகிறார்கள். எதில் நன்று என்று யாருக்கும் தெரியாது. இந்த வட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது.

ஆனால் அந்த அட்டவணை சுவரிலேயே இருந்துவிடுகிறது. வேலையை விட்டுப் போகும் நாளில் பெயரை அழித்து வேறு பெயர் எழுதுகிறார்கள். இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

நம் பகுதி எண்களைக் கொண்டாடப் பழகிய பகுதி. அதில் தவறில்லை. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் அடிக்கல் நாட்டிய ஹூண்டாய், 1998-ல் முதல் சான்ட்ரோவை வெளியே அனுப்பியது. 2021 ஜூன் 30 அன்று ஒரு கோடியாவது கார் லைனிலிருந்து இறங்கியபோது முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வந்து அந்த அல்கசார் காரின்மேல் கையெழுத்திட்டார். அதைச் செய்தியில் பார்த்தபோது எனக்கும் பெருமையாக இருந்தது. என் மாணவர்களின் கைகள் பட்ட கார்கள் அந்த ஒரு கோடியில் எத்தனையோ.

இன்னொரு எண்ணும் இருக்கிறது. நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் 2006 ஜனவரியில் உற்பத்தியைத் தொடங்கியது. ஐந்தே ஆண்டுகளில், 2011-ல், 50 கோடி கைப்பேசிகளைத் தொட்டது. ராணிப்பேட்டையிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பிளஸ் டூ முடித்த பெண்கள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய காலம் அது. வீட்டில் தங்கைக்குப் படிப்பு, அப்பாவின் கடன், ஓட்டுக்கூரைக்குப் பதில் தளம் எல்லாம் அந்தச் சம்பளத்தில் நடந்தன. பிறகு வரித்தகராறு வந்தது. கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அதே வளாகத்தில் இருந்த ஃபாக்ஸ்கான் பிரிவும் அந்த டிசம்பரில் மூடியது. 50 கோடிக்கும் ஆலை மூடியதற்கும் நடுவே மூன்றே ஆண்டுகள்.

எண் ஆலையுடையது. ஆலை போனால் எண்ணும் போகிறது. தொழிலாளியின் கையில் என்ன மிஞ்சியது?

அந்த வளாகத்தை நம்பிச் சுற்றுவட்டாரத்தில் இருந்த உதிரிபாக ஆலை ஒன்றில் ஆறு ஆண்டுகள் வேலைபார்த்த பெண் ஒருத்தி, 2015 தொடக்கத்தில் என்னைத் தேடிவந்தாள். அவள் தம்பி என்னிடம் படித்தவன். வேறொரு கம்பெனியில் நேர்காணலுக்குப் போய்விட்டு அழுத முகத்தோடு வந்தாள். "என்ன வேலை தெரியும்னு கேட்டாங்க சார். லைன்ல நின்னேன், ஸ்க்ரூ போட்டேன்னு சொன்னேன். அவ்வளவுதானான்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாள்.

அவ்வளவுதானா என்று கேட்டவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆமாம் என்று அவள் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆறு வருடம் தன் கை என்ன செய்தது என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லையே!

மறுநாள் அவளை வரச்சொல்லி, மேசையில் வெள்ளைத்தாளை வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதவைத்தேன். மின் திருப்புளியின் முறுக்களவைக் காலையில் ஷிப்ட் தொடங்கும்போது மானியில் சரிபார்ப்பாள். திருகும்போது கிளட்ச் 'டக்' என்று விடும் சத்தம் சற்று முன்னதாக வந்தால் மரை ஏறுமாறாகப் பிடித்திருக்கிறது என்று கண்ணால் பார்க்காமலே தெரியும். நிலைமின்சாரம் பாகத்தைக் கெடுக்காமலிருக்க மணிக்கட்டுப் பட்டையைச் சோதித்துவிட்டுத்தான் கைவைப்பாள். குறையோடு திரும்பிவந்த சர்க்யூட் பலகையில் சாலிடர் காய்ந்துபோன இடத்தை லென்ஸ் இல்லாமல் காட்டுவாள். பக்கத்து நிலையங்கள் ஆறில் எதில் ஆள் வராவிட்டாலும் போய் நிற்பாள். புதிதாக வந்த பெண்களைப் பழக்குவாள். எத்தனை பேரைப் பழக்கினாய் அம்மா என்றேன். விரல்விட்டு எண்ணினாள், பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டு, "நாப்பதுக்கு மேல இருக்கும் சார்" என்றாள்.

இரண்டு மணி நேரம் ஆனது. நான்கு பக்கம் வந்தது. எழுதி முடித்ததை அவளையே உரக்கப் படிக்கச் சொன்னேன். மூன்றாவது பக்கத்தில் அவள் குரல் மாறியது. தன்னைப் பற்றித் தானே கேள்விப்படுகிற குரல் அது. தொழில்வாழ்வில் சாதனையைக் கொண்டாடுவது என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், அந்த மூன்றாவது பக்கத்தைச் சொல்வேன்.

அந்த நான்கு பக்கத்தில் ஒரு வரி இருந்தது. சட்டத்தை மூட ஆறு திருகுகள் வேண்டும். அவசரத்தில் ஒன்று விட்டுப்போனால் பின்னால் போய்த்தான் தெரியும். அவள் ஒரு தட்டில் ஆறே ஆறு குழி வைக்கச் சொன்னாள். முதலில் ஆறு குழியையும் நிரப்பு, பிறகு திருகு. வேலை முடிந்தபின் குழியில் ஒன்று மிஞ்சினால் எங்கோ விட்டுவிட்டாய். அவ்வளவுதான். 1961-ல் ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ ஒரு ஆலையில் இதே சிக்கலைப் பார்த்தார். ஒரு பொத்தானுக்குள் இரண்டு சுருள்வில் வைக்கவேண்டும், ஒன்றை மறந்துவிடுகிறார்கள். முதலில் இரண்டையும் ஒரு சிறு தட்டில் எடுத்து வை, பிறகு பொருத்து என்றார். 'போகா யோகே' என்று இன்று உலகமெங்கும் பாடமாகச் சொல்லும் தவறு தடுக்கும் முறைக்கு அந்தத் தட்டைத்தான் உதாரணமாகக் காட்டுகிறார்கள். ஷிங்கோவின் பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. இடுப்பு நோக நின்ற இடத்திலிருந்தே அதே விடையைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

மேம்பாட்டு யோசனைக்குத் தரும் கைசன் பரிசு கொடுத்தார்களா என்று கேட்டேன். லைனுக்கே சேர்த்து ஒரு சான்றிதழ் கொடுத்து அலுவலகத்தில் மாட்டினார்களாம். ஒரு படமாவது எடுத்து வைத்திருக்கிறாயா என்றேன். "செல்போனை வாசல்லயே வாங்கிடுவாங்களே சார்" என்றாள். ஆலையின் ரகசியத்தைக் காக்க அந்த விதி வேண்டியதுதான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். தன் சாதனையைத் தன் அம்மாவுக்குக் காட்ட அவளிடம் ஒரு படம்கூட இல்லை.

தொழிலாளியின் யோசனையை மதிப்பது நமக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லவேண்டும். டொயோட்டா 1951-ல் யோசனைத் திட்டத்தைத் தொடங்கியது. 1962-ல் ஜப்பானில், தொழிலாளர்கள் கூடித் தரத்தைப் பற்றிப் பேசும் தர வட்டங்கள் பிறந்தன. சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் தரத்துக்கான டெமிங் பரிசு வாங்கியது, இந்தியாவிலேயே முதல். வாயில்காப்பவர் முதல் மேலாளர் வரை ஒவ்வொருவரும் தன் வேலையைப் பற்றி யோசிக்காமல் அந்தப் பரிசு யாருக்கும் கிடைக்காது. எழுபது கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்துக்குள் இந்த மரபு கால் நூற்றாண்டாக இருக்கிறது. யோசனை சொன்னவரின் பெயர் லைனுக்குத் தரும் சான்றிதழில் தனியாக வரவேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

இங்கே என் சொந்தக் கதை கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் சாதனை, தேர்ச்சி விழுக்காடு. ஒரு பையன் அரத்தைக் கோணலாகப் பிடித்தால் பொறுக்காமல் பிடுங்கி நானே ராவிக் கொடுத்துவிடுவேன். துண்டு சரியாக வரும், மதிப்பெண் வரும், நிலைய முதல்வர் பாராட்டுவார். அப்படித் தேறிப்போன ஒருவன், என் பணியின் ஒன்பதாம் ஆண்டில், ஆலையிலிருந்து திரும்பிவந்து என் முன் நின்றான். எனக்கு ராவ வரவில்லை சார், மறுபடி சொல்லிக்கொடுங்கள் என்றான். அவனிடம் குறை இல்லை. அவன் கற்கவேண்டிய நேரத்தையெல்லாம் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து பட்டறையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினேன். கோணல் துண்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் என் தேர்ச்சி விழுக்காடு இறங்கியது. என் வளர்ச்சி அந்த இரண்டு ஆண்டுகளில்தான் நடந்தது என்று இன்று உறுதியாகச் சொல்கிறேன்.

ஆகவேதான் நான்காவது கால்வட்டத்தை மற்ற மூன்றிலிருந்தும் தனியாக வைத்துப் பார்க்கிறேன். முதல் மூன்றும் நீங்களும் இயந்திரமும் சம்பந்தப்பட்டவை. நான்காவதில் இன்னொரு மனிதர் வந்துவிடுகிறார். நமக்குப் பக்கத்து ஊரான ஸ்ரீபெரும்புதூரில், 1017-ல் பிறந்த ராமானுஜரின் வரலாற்றைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திரப் பொருள் கேட்க அவர் 18 முறை நடந்தார் என்று குருபரம்பரை சொல்கிறது. பதினேழு முறை வெறுங்கையோடு திரும்பியவர், கிடைத்ததும் கோபுரமேறி எல்லாருக்கும் சொல்லிவிட்டார். 18 நடை அவர் கற்றது. கோபுரம் ஏறியதுதான் அவரை ராமானுஜராக்கியது. சமயம் பேசவில்லை நான். கற்றதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதற்கு நம் மண்ணிலேயே இருக்கும் விடையைச் சொல்கிறேன்.

காஞ்சிபுரம் தறியிலும் இதைப் பார்க்கலாம். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். நெசவாளருக்குப் பக்கத்தில் உதவிக்கு ஒருவர் உட்கார்ந்து ஓரத்து நாடாவைத் தள்ளுவார். அங்கேயே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அவர் நெசவாளராவார். அந்தத் தறியில் கற்பித்தல் தனி வேலையாக இல்லை; அது நெசவுக்குள்ளேயே இருக்கிறது.

நம் ஆலைகளில் நான்கு கால்வட்டமும் நிறைந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். அந்த நான்காவதுக்காக அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். பல இடங்களில் ஒன்றுமில்லை. புதியவர்களைப் பழக்குகிறவரும் ஆபரேட்டர்தான், நேற்று வந்தவரும் ஆபரேட்டர்தான். அவர் பழக்கிய பிள்ளை டிப்ளமோ வைத்திருப்பதால் அவருக்கே லைன் லீடராக வந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். இது நியாயமில்லை. நான்காவது கால்வட்டத்துக்குத் தனிப் பதவிப் பெயரும் தனிப் படியும் வேண்டும். வாயால் பாராட்டுவது போதாது.

அதோடு, வளர்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சோற்றையும் தூக்கத்தையும் பற்றிப் பேசவேண்டும். 2021 டிசம்பரில் விடுதி உணவு ஒவ்வாமல் போய் ஆலைத் தொழிலாளர் பெண்கள் மருத்துவமனைகளில் கிடந்தபோது, தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் மற்றவர்கள் இந்த நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த இரவு நம் ஊருக்கு மறக்காது. வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் சிப்காட் வளாகம் 2024 ஆகஸ்டில் திறந்ததை அதற்குக் கிடைத்த விடை என்றே நான் எண்ணுகிறேன். அடுத்த மாதமே, செப்டம்பர் 9 அன்று, இதே சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 37 நாட்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். சம்பளமும் கேட்டார்கள், ஆனால் முதன்மையாகக் கேட்டது தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. அந்தப் போராட்டத்தைப் பற்றி இந்த அவையில் பல கருத்துகள் இருக்கலாம். என் கருத்து இது: தன் வேலையைப் பற்றித் தன் வாயால் பேச உரிமை இருக்கும் இடத்தில்தான் ஒருவர் வளர்கிறார். அந்த 37 நாளில், கூட்டத்தில் வாயே திறக்காத பையன்கள் ஒலிபெருக்கி பிடித்துத் தெளிவாகப் பேசியதை நான் சாலையோரம் நின்று கேட்டேன். அதுவும் கற்றல்தான்.

இப்போது செய்யவேண்டியதற்கு வருகிறேன். நிலையாணைச் சட்டம் 1946-ல் வந்தது. அதன்கீழ் வந்த மாதிரி நிலையாணைகளிலேயே, வேலையைவிட்டு நீங்கும் நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிச்சான்று பெறும் உரிமை உண்டு என்று எழுதியிருந்தது. 2020-ன் சட்டத் தொகுப்பு ஒவ்வொருவருக்கும் நியமன ஆணை கொடுக்கச் சொல்கிறது. நுழையும்போது ஒரு தாள், வெளியேறும்போது ஒரு தாள். ஆனால் வழக்கமான பணிச்சான்றில் என்ன இருக்கிறது? சேர்ந்த தேதி, நின்ற தேதி, 'நடத்தை நன்று'. நடுவில் இருந்த ஆறு வருடம் எங்கே? அந்த ஸ்கில் மேட்ரிக்ஸில் உங்கள் பெயருக்கு நேரே இருக்கும் வரிசையை மட்டும் ஒரு தாளில் எடுத்து, மனிதவள அதிகாரி கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். ஆலைக்கு இதில் எந்த ரகசியமும் போகாது, செலவும் ஒரு தாள்தான். இந்த அவையில் இருக்கும் மனிதவள அதிகாரிகளிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: காண்ட்ராக்ட்டில் வந்தவருக்கும் அதைக் கொடுங்கள். அவருக்குத்தான் அது அதிகம் வேண்டும்.

இந்தத் தாளுக்கு வேறு பயனும் உண்டு. ஐ.டி.ஐ. படிக்காதவர்களும் உரிய அனுபவச் சான்றோடு அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். ஆண்டுதோறும் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அறிவிப்பு வெளியிடுகிறது. 2015-ல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், ஏற்கெனவே வேலை தெரிந்தவரைச் சோதித்துச் சான்று கொடுக்கும் பிரிவு இருக்கிறது. இரண்டு கதவையும் தட்ட, உங்களுக்கு என்ன தெரியும் என்பதை நீங்கள் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். நான்கைந்து ஆண்டு வேலைபார்த்துவிட்டுத் திருமணமாகிப் போகிற பெண்களை நினைத்து இதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன். பத்து வருடம் கழித்துத் திரும்பிவர நினைக்கும்போது அந்தத் தாள் இல்லாவிட்டால் மறுபடி முதல் கால்வட்டத்தில்தான் நிறுத்துவார்கள்.

நான் சொன்ன அந்தப் பெண் அந்த நான்கு பக்கத்தோடு அடுத்த நேர்காணலுக்குப் போனாள். தரச் சோதனைப் பிரிவில் வேலை கிடைத்தது. இப்போது அங்கே புதியவர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பு அவளுடையது. அவள் செய்துவரும் ஒரு பழக்கத்தை உங்களிடம் ஒப்படைக்கிறேன். ஆயுத பூஜையன்று இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கொடுத்து முடிந்ததும், தன் குழுவில் இருக்கும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாளைக் கொடுக்கிறாள். போன பூஜைக்கும் இந்தப் பூஜைக்கும் நடுவே புதிதாக எது கைவந்தது, யாரிடம் கற்றாய், யாருக்குக் கற்றுக்கொடுத்தாய் என்று மூன்றே கேள்விகள். எழுதிய தாளை அவள் வாங்கி வைத்துக்கொள்வதில்லை. வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்கிறாள்.

அரங்கத்துக்கு வெளியே வாசலின் இடப்பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறோம். வெள்ளைத்தாளும் பேனாவும் இருக்கின்றன. என் பழைய மாணவர்கள் நான்கு பேரும் நானும் கடைசி கம்பெனி பஸ் போகும்வரை அங்கே உட்கார்ந்திருப்போம். எழுத வராது என்று தயங்குகிறவர்கள் வந்து சொல்லுங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.